உயர்ரக வாட்சும் ஆடை வடிவமைப்பாளரும்: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி பக்கத்தில் வாட்ச் நிறுவனமும் ஆடை, நகை வடிவமைப்பாளரும் சேர்ந்து செய்யும் உயர்ரக வாட்சைப் பற்றிக் கேட்பவர்கள் இரண்டு வகை. கல்யாணத்துக்கோ அறுபதாம் கல்யாணத்துக்கோ, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை மூலமாகவோ ஒன்றை வாங்க நினைப்பவர்கள் ஒரு வகை. டயலுக்கும் ஸ்ட்ராப்புக்கும் மாதிரி செய்து தரச் சொல்லி யாராவது தேடி வந்ததால் கேட்கும் நெசவாளர்கள், ஓவியர்கள், ஸ்தபதிகள் இன்னொரு வகை. இருவருக்கும் சேர்த்தே இங்கே எழுதியிருக்கிறோம்.

சேர்ந்து செய்த வாட்ச் என்கிறார்கள். உண்மையில் யார் எதைச் செய்கிறார்கள்?

மிஷின் (உள்ளே ஓடும் இயக்கம்), தண்ணீர் புகாத மூடல், நேரச் சோதனை, வாரண்டி இவை நான்கும் பெரும்பாலும் வாட்ச் நிறுவனத்தின் கையிலேயே இருக்கும். டயலின் நிறமும் இழையமைப்பும், முள்ளின் வடிவம், கேஸின் (வெளிக்கூட்டின்) மேற்பரப்பு, ஸ்ட்ராப், பக்கிள், பின்மூடி எழுத்து, பெட்டி இவற்றில்தான் வடிவமைப்பாளர் கை வைப்பார். ஒரு மிஷினைப் புதிதாக உருவாக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதன் பாகங்கள் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில் பொருந்த வேண்டும். ஒரு சீசனுக்கு ஒரு தொகுப்பு என்று ஓடும் ஆடைத் தொழிலின் வேகத்துக்கு அது ஒத்துவராது. அதனால்தான் ஏற்கெனவே ஓடி நிரூபித்த மிஷினை எடுத்து, அதைச் சுற்றிப் புது உடுப்பு போடுகிறார்கள்.

எவ்வளவு ஆழமாகக் கை வைத்தார்கள் என்பது வாட்சுக்கு வாட்ச் மாறும். 1931-ல் இந்தியாவில் போலோ ஆடிய ஆங்கிலேய அதிகாரிகளுக்காகத் திருப்பி மூடும் கேஸுடன் வந்தது ஜேஜே லெகூல்ட்ரின் ரிவெர்சோ. 2016-ல் காலணி வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் லூபுட்டான் அதற்குச் செய்தது டயல், ஸ்ட்ராப் அலங்காரம் மட்டும். அதே 2016-ல் நகை வடிவமைப்பாளர் கரோலினா புச்சி, வைர முனைக் கருவியால் தங்கத்தின் மேல் நுண்ணிய குழிகளை அடித்து மின்னவைக்கும் ஃப்ளாரன்ஸ் நகைத் தொழில்நுட்பத்தை ஆடெமார் பிகே நிறுவனத்தின் ராயல் ஓக் மாடல் கேஸுக்குக் கொண்டுவந்தார். பொருளே வேறாகிப்போனது. பிற்பாடு ஆடை வடிவமைப்பாளர் டமாரா ரால்ஃப் அந்த நிறுவனத்துடன் செய்த 102 வாட்சுகளிலும் இந்த மேற்பரப்பு வேலை தொடர்ந்தது. டாக் ஹாயர் 2018-ல் ஜப்பானின் வடிவமைப்பாளர் ஹிரோஷி ஃபுஜிவாராவுடன் செய்த 500 கரேரா மாடல் வாட்சுகள், பழைய கரேராவின் டயலைச் சுத்தமாக்கி, எழுத்தைக் குறைத்த வேலை. எல்லாமே கூட்டு முயற்சிதான். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கூடுதல் விலை கொடுக்க நியாயம் இல்லை.

கூடுதல் விலை நியாயமா என்று எப்படிக் கணக்குப் போடுவது?

ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். அதே மிஷின், அதே கேஸ் உலோகம் உள்ள சாதாரண மாடலின் விலை முதல் வரி. கூட்டு வாட்சின் விலை இரண்டாவது. அந்த வித்தியாசத்துக்கு என்ன வேலை நடந்திருக்கிறது என்பது மூன்றாவது. அந்த மூன்றாவது வரியில் "நிறம் மாற்றம், பின்மூடியில் கையெழுத்து, புதுப் பெட்டி" என்று மட்டும் வந்தால் நீங்கள் பெயருக்குத்தான் பணம் கொடுக்கிறீர்கள். கையால் செய்த டயல், புது மேற்பரப்பு வேலை, இந்த வாட்சுக்கென்றே வரைந்த கேஸ் என்று வந்தால் செலவு உண்மையிலேயே கூடியிருக்கிறது. கை வேலை டயல்களில் கழித்துப்போடுவது அதிகம்; பாஸ் ஆனது ஒன்றின் விலையில் தேறாமல் போனதன் செலவும் ஏறியிருக்கும்.

மிஷின் எண்ணைக் கடைக்காரரிடம் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அந்தக் கடையில் வாங்க வேண்டாம்.

"லிமிடெட் எடிஷன்" என்றால் எண்ணிக்கை கட்டாயம் இருக்குமா?

பின்மூடியைப் பாருங்கள். "37/500" என்று இருந்தால் உங்கள் வாட்சுக்குத் தனி எண் உண்டு. "500-ல் ஒன்று" என்ற பொருளில் ஒரே வாசகம் எல்லாவற்றிலும் பொறித்திருந்தால் மொத்த எண்ணிக்கை மட்டும்தான் வாக்குறுதி. "ஸ்பெஷல் எடிஷன்" என்றால் எண்ணிக்கைக்கே வாக்குறுதி கிடையாது, விற்கும்வரை செய்வார்கள். மறுவிற்பனையில் இந்த மூன்றுக்கும் வேறு வேறு விலை.

சாவி கொடுக்கும் வாட்சா, பேட்டரி வாட்சா? எது நம் ஊருக்குத் தோது?

விசேஷத்துக்கு மட்டும் கட்டுவீர்கள் என்றால் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் போதும். எடுத்த உடனே சரியான நேரம் காட்டும், விலையும் குறைவு. கூச்சப்பட வேண்டிய விஷயம் ஒன்றுமில்லை. ஆடை நிறுவனங்களின் நல்ல பெண்கள் வாட்சுகள் பலவும் குவார்ட்ஸ்தான். தினமும் கட்டுபவருக்கு, மிஷினை ரசிப்பவருக்கு, கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக். அதைக் கழற்றி வைத்தால் மிஷினைப் பொறுத்து 40 முதல் 70 மணி நேரம் வரை ஓடி நிற்கும். நல்ல மிஷினுக்குச் சுவிஸ் க்ரோனோமீட்டர் (நேரத் துல்லியச்) சோதனையில் அனுமதிக்கும் சராசரி, நாளுக்கு 4 வினாடி பின்தங்குவதிலிருந்து 6 வினாடி முந்துவது வரை. முகூர்த்தத்துக்கு அதுவே தாராளம்.

ஆயில் சர்வீஸுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பணம் ஒதுக்குங்கள். இது முன்கூட்டியே தெரியாமல் வாங்கியவர்கள்தான் பிறகு சங்கடப்படுகிறார்கள்.

"30 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்று போட்டிருக்கிறது. குளத்தில் இறங்கலாமா?

கூடாது. 30 மீட்டர் என்பது அசையாத நிலையில் 3 பார் அழுத்தத்தைத் தாங்கிய ஆய்வகச் சோதனை. கை கழுவலாம், தூறலில் நனையலாம். மகாமகக் குளத்தில் முழுக்குப் போடவோ, பூம்புகாரிலோ வேளாங்கண்ணியிலோ கடலில் இறங்கவோ குறைந்தது 100 மீட்டர் வேண்டும். சாவி (பக்கவாட்டில் உள்ள குமிழ்) அழுத்தியோ திருகியோ மூடியிருக்க வேண்டும். வடிவமைப்பாளர் கூட்டில் வரும் மெல்லிய டிரஸ் வாட்சுகள் பலவும் 30 மீட்டர்தான். மெல்லிய கேஸில் தடித்த வாஷருக்கு இடம் இருக்காது.

கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் கடைதான். பேட்டரி மாற்றப் பின்மூடியைத் திறந்து, பழைய ரப்பர் வாஷரையே மறுபடி வைத்து மூடிவிடுவார்கள். நம் வெயிலில் அந்த ரப்பர் இறுகி, தட்டையாகியிருக்கும். திறந்த ஒவ்வொரு முறையும் புது வாஷர், சிலிக்கோன் கிரீஸ், மூடியபின் அழுத்தச் சோதனை. இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அழுத்தச் சோதனைக் கருவி இல்லாத கடையில் விலையுயர்ந்த வாட்சைத் திறக்கவே விடாதீர்கள்.

ஐப்பசி மழையில் கண்ணாடிக்குள் பனி படிந்துவிட்டது. அரிசி டப்பாவில் போடலாமா?

வேண்டாம். அரிசி மாவுத்தூள்தான் உள்ளே போகும், ஈரம் வெளியே வராது. சாவியை இழுத்தபடி வெயிலில் வைப்பதும் தவறு. சூடேறிய ஈரக்காற்று மிஷினுக்குள் இன்னும் பரவும். சாவியை உள்ளே அழுத்தி வைத்து, முடிந்தால் மறுநாளுக்குள் திறக்கச் செய்யுங்கள். உப்புத் தண்ணீர் போயிருந்தால் அன்றைக்கே போக வேண்டும். இரும்புப் பாகங்களில் துரு பிடிக்க ஒன்றிரண்டு நாள் போதும். உள்ளே தண்ணீர் போகாமல் வெளியே மட்டும் கடல்நீர் பட்டிருந்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும்.

உள்ளே ஈரம் இருக்கிறதா என்று சந்தேகம் மட்டும் என்றால் பழுது பார்ப்பவர்கள் செய்யும் சோதனை எளிது. வாட்சை 40 முதல் 45 டிகிரி வரை சூடான தட்டில் வைத்து, கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் விட்டு ஒரு நிமிடத்தில் துடைப்பார்கள். அந்த இடத்தில் உள்பக்கம் மூட்டம் கட்டினால் ஈரம் உண்டு.

அழகான துணி ஸ்ட்ராப், சாட்டின் ஸ்ட்ராப். நம் வியர்வைக்குத் தாங்குமா?

தாங்காது. இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்த வாட்சுகளில் வடிவமைப்பாளரின் கைவண்ணம் பெரும்பகுதி ஸ்ட்ராப்பில்தான் இருக்கிறது. சாட்டினும் ஆட்டுக்குட்டித் தோலும் சித்திரை வைகாசியில் சில வாரத்திலேயே கறை ஏறும். தோல் ஸ்ட்ராப்பை மூடிய பெட்டியில் வைத்தால் கார்த்திகைக்குள் பூஞ்சை பூக்கும். மலிவான பாலியூரிதேன் பூச்சு, தோல் மாதிரித் தெரிவது, ஈரப்பதத்தில் வேதிமுறையில் சிதைந்து உரிந்துவரும்; கட்டாமல் வைத்திருந்தாலும் உரியும்.

வாங்கும்போதே அசல் ஸ்ட்ராப் இன்னொன்றையும் சேர்த்து ஆர்டர் கொடுங்கள். லிமிடெட் எடிஷன் முடிந்தபின் அந்த ஸ்ட்ராப் கிடைப்பது அரிது. அன்றாடத்துக்கு ரப்பரோ ஸ்டீல் செயினோ மாட்டிக்கொண்டு, அசலை விசேஷத்துக்கு வையுங்கள். அதற்கு முன் கேஸின் கொம்புகளுக்கு நடுவே உள்ள அகலத்தைப் பாருங்கள்: 18, 20, 22 மில்லிமீட்டர் என்றால் வெளியில் ஸ்ட்ராப் கிடைக்கும். கேஸின் வளைவுக்கென்றே வெட்டிய தனி முனை என்றால் அந்த நிறுவனத்தை விட்டால் வழியில்லை.

முதலைத் தோல் ஸ்ட்ராப்பை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர, அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டீஸ் உடன்படிக்கையின் அனுமதிச் சீட்டு வேண்டியிருக்கலாம். கன்றுத் தோலோ ரப்பரோ போட்டு வாங்குவது தொல்லையில்லாதது.

கல்யாண வீட்டில் என்னென்ன கவனிக்க வேண்டும்?

சந்தனம் காய்ந்தால் பெசலுக்கும் (கண்ணாடியைச் சுற்றிய வளையத்துக்கும்) கேஸுக்கும் நடுவே கல்லாக இறுகும். அன்றிரவே மென்மையான பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள். பன்னீரும் அத்தரும் தெளிக்கும்போது மணிக்கட்டை விலக்குங்கள், தோல் ஸ்ட்ராப்பில் பட்ட கறை போகாது. தங்க வளையலுக்குப் பக்கத்தில் பீங்கான் கேஸ் வாட்ச் கட்டினால் கீறல் விழுவது வளையலில்தான். பீங்கான் அவ்வளவு கடினம். ஷனெல் 2000-ல் கொண்டுவந்த, ஜாக் ஹெல்யூ வடிவமைத்த ஜே12 அந்த வகை. ஆனால் கல்யாண மண்டபத்து கிரானைட் தரையில் தவறினால் பீங்கான் நசுங்காது, விண்டுபோகும். ஒட்டவோ தட்டிச் சரிசெய்யவோ முடியாது. கேஸையே மாற்ற வேண்டும்.

தவில், மிருதங்கம் வாசிப்பவர்கள் மெக்கானிக்கல் வாட்சைக் கட்டிக்கொண்டு வாசிக்கவே கூடாது. அடி ஒவ்வொன்றும் நேரத்தை அளக்க ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் மயிரிழை அச்சில் இறங்குகிறது. தனி ஆவர்த்தனம் முடிவதற்குள் வாட்சின் நேரம் தவறிப்போகலாம். கழற்றி உறையில் வைத்துவிட்டு மேடையேறுங்கள்.

கைத்தறிப் பட்டை வாட்ச் டயலாக வைக்க முடியுமா? ஒரு வடிவமைப்பாளர் மாதிரி கேட்கிறார்.

முடியும், ஆனால் புடவைக்கு நெய்வதுபோல் நெய்தால் முடியாது. டயல் தகடு சுமார் 0.4 மில்லிமீட்டர். அதன் மேல் மணி முள் ஓடும் இடைவெளி மிகக் குறுகியது. துணியும் பசையும் சேர்ந்து 0.2 மில்லிமீட்டருக்குள் நிற்கவேண்டும் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். சரியான எண்ணை வாட்ச் நிறுவனம் வரைபடத்தில் தரும், தராமல் மாதிரி கேட்டால் செய்யாதீர்கள். திருபுவனம் பாணியில் கனத்த ஜரிகை ஊடை போட்ட துணி அந்த உயரத்தைத் தாண்டிவிடும். பின்பக்கம் தொங்கும் மிதவை இழையே இருக்கக்கூடாது. ஒற்றை இழைப் பட்டில் நெருக்கமான சாதா நெசவு, கொஞ்சமாக ஜரிகை, அதுவே சரி.

அடுத்தது கோலத்தின் அளவு. டயலின் விட்டம் சுமார் 30 மில்லிமீட்டர்தான். புடவைக் கரையில் 2 அங்குலத்துக்கு வரும் அன்னப்பட்சி அதில் தலை மட்டும்தான் தெரியும். கோலத்தை கிராஃப் தாளில் மறுபடி வரைந்து, ஓர் உருவம் 4 முதல் 6 மில்லிமீட்டருக்குள் முடியும்படி குறைக்க வேண்டும். அந்த அளவில் வளைவுகள் படிக்கட்டாகத் தெரியும். மயில், அன்னத்தை விடக் கோபுரம், ருத்ராட்சம், கட்டம் போன்ற நேர்க்கோட்டுக் கோலங்கள் தெளிவாக விழும்.

நெய்தபின் துணியை மெல்லிய பசைப் படலத்தோடு தகட்டில் அழுத்தி ஒட்டி, நடுத்துளையையும் ஓரத்தையும் லேசரிலோ அச்சிலோ வெட்டுவார்கள். கோளாறு தொடங்குவது நடுத்துளையில். வெட்டிய இழை நுனி ஒன்று நாள்பட எழுந்து மணி முள்ளில் சிக்கும். வாட்ச் அவ்வப்போது நிற்கிறது, மறுபடி ஓடுகிறது என்ற புகார் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஓரத்தை அரக்குப் பூச்சால் மூடியே தீர வேண்டும். இரண்டாவது கோளாறு ஈரம். பட்டு, சாதாரணக் காற்று ஈரப்பதத்தில் தன் எடையில் 11 சதவீதம் வரை தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். நம் ஊர் ஈரத்தில் நெய்து, உலர்த்தாமல் கேஸில் மூடினால் அந்த ஈரமே கண்ணாடியில் மூட்டமாகக் கட்டும். ஒட்டிய டயலை 40 முதல் 50 டிகிரியில் மெதுவாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத பையில் அனுப்புங்கள். மூன்றாவது, வெளுப்பு: சாயத்தை வெயிலில் வைத்துப் பார்க்காமல் அனுப்பினால் ஓராண்டில் டயலில் முள்ளின் நிழல் விழுந்த இடம் மட்டும் அடர்ந்து தெரியலாம்.

ஸ்ட்ராப்புக்கு நெய்வது எளிது, ஆனால் ஜரிகை மணிக்கட்டில் படக்கூடாது. வெள்ளிச் சரிகை கந்தகத்தால் கறுக்கும். செம்பு கலந்த போலி ஜரிகை வியர்வையில் பச்சை பிடித்து மணிக்கட்டில் அச்சாகும். உள்பக்கத்தில் ரப்பர் அல்லது தோல் லைனிங் கேளுங்கள்.

தஞ்சாவூர் ஓவியமும் சுவாமிமலை வார்ப்பும்?

ஓவியத்தில் தங்க ரேக்கு (மிக மெல்லிய தங்கத் தகடு) ஒட்டிய பகுதி டயலுக்கு நன்றாக ஒத்துவரும், ஏனென்றால் ரேக்குக்கு உயரமே இல்லை. சுக்கான் (சுண்ணாம்புக்கல் பொடி) பூச்சால் எழுப்பும் புடைப்பும் கல் பதிப்பும்தான் இடைவெளியைத் தாண்டும். அவற்றைக் கைவிட்டுவிட்டு தகட்டில் ரேக்கும் நுண் கோடும் மட்டும் வைக்கலாம், அல்லது பின்மூடியில் கண்ணாடிக்குள் புடைப்பைக் காட்டலாம்.

சுவாமிமலையில் மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் ஊற்றும் வார்ப்பைக் கேஸ் ஆக்கும் யோசனை அவ்வப்போது வருகிறது. வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். தண்ணீர் மூடல் நிற்காது. அதனால்தான் வாட்ச் கேஸ்களை அடித்து அழுத்திய உலோகத்திலிருந்து கடைசல் செய்கிறார்கள். வெண்கலக் கேஸ் வாட்சுகள் உண்டு, அவற்றிலும் பின்மூடி பெரும்பாலும் ஸ்டீலோ டைட்டானியமோதான், கை பச்சையாகாமல் இருக்க. ஸ்தபதியின் உளி வேலைக்கு உரிய இடம் ஆட்டோமேட்டிக் மிஷினின் ரோட்டரும் (கை அசைவில் சுழலும் எடைத் தகடும்) பின்மூடித் தகடும். அங்கே அவர் கைக்கு நிகர் எந்த இயந்திரமும் இல்லை என்றே நம்புகிறோம்.

ஆர்டர் எடுக்கும்போது என்ன எழுதி வாங்க வேண்டும்?

மாதிரிக்குத் தனிக் கூலி. எத்தனை சுற்று மாதிரி என்ற எண்ணிக்கை. எந்தக் குறை இருந்தால் கழிப்பார்கள் என்பதற்கு அளவும் படமும்; "நன்றாக இல்லை" என்று மட்டும் சொல்லித் திருப்ப இடம் வைக்காதீர்கள். கழித்த துண்டின் கூலி யாருடையது. பிற்கால சர்வீஸுக்காக 10 முதல் 15 சதவீதம் கூடுதல் துண்டுகள், அதே சாயப் பாவில், இப்போதே விலையுடன். ஆறு ஆண்டு கழித்து ஒரு டயல் உடைந்தால் அதே பச்சை மறுபடி வராது.

பெயரையும் பேசுங்கள். திருபுவனம் பட்டுப் புடவைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரை விளம்பரத்தில் போட வேண்டுமானால் அதற்கு உரிமை பெற்றவர் வழியாகத்தான் போட முடியும். நீங்களே வரைந்த கோலம் என்றால் வெளியே காட்டும் முன் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யுங்கள். காப்பு 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். வாட்சோடு வரும் சீட்டில் நெய்தவர் பெயரும் ஊரும் இருக்க வேண்டும் என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம். டயல் முழுக்க ஒருவர் கைவேலையாக இருக்கும்போது பின்மூடியில் வடிவமைப்பாளர் பெயர் மட்டும் இருப்பது நியாயமாகாது.

வெளிநாட்டிலிருந்து பிள்ளை வாங்கி வருகிறான். இங்கே வாங்கினால் வரி எப்படி?

கையில் கட்டியிருப்பதால் சுங்கம் இல்லை என்பது தவறான நம்பிக்கை. இலவச வரம்பைத் தாண்டும் வாட்சை திருச்சி விமான நிலையத்தில் சிவப்பு வழியில் பில்லோடு அறிவிக்க வேண்டும்; மறைத்துப் பிடிபட்டால் வாட்சே பறிபோகலாம். சுங்க ரசீதை வாரண்டி அட்டையோடு பத்திரப்படுத்துங்கள், விற்கும்போது கேட்பார்கள்.

இங்கே வாங்கினால் விலையில் 18 சதவீதம் ஜிஎஸ்டி அடங்கும். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கடைக்காரருக்கு அனுமதி இல்லை. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வாட்சுக்கு 2025 ஏப்ரல் 22 முதல் விற்பவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். அதை உங்கள் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பான் எண் தவறாமல் கொடுங்கள்.

பழையதாக வாங்குகிறேன். போலியை எப்படிப் பிடிப்பது?

வெளித்தோற்றத்தை நம்பாதீர்கள், கூட்டு வாட்சுகளின் போலிகளில் டயல் நன்றாகவே இருக்கும். பின்மூடியைத் திறந்து மிஷின் எண்ணும் வேலைத்தரமும் பாருங்கள். பின்மூடி எண், அட்டை எண், பெட்டி எண் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். சாதாரண மாடலை எடுத்து டயலையும் ஸ்ட்ராப்பையும் மட்டும் மாற்றி லிமிடெட் என்று விற்பதும் உண்டு. இதில் மிஷின் அசலாகவே இருக்கும், ஏமாறுவது எளிது. நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் எண்ணைக் கொடுத்து, அந்த எண் எந்த மாடலாக வெளிவந்தது என்று எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள்.

லாக்கரில் வைத்திருந்தேன். எடுத்தால் நாளுக்குப் பத்து நிமிடம் முந்துகிறது. ஏன்?

அநேகமாகக் காந்தம். காந்தப் பூட்டு உள்ள கைப்பை, ஸ்பீக்கர், போன் உறை இவற்றின் பக்கத்தில் இருந்தால் பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் மயிரிழைச் சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டும். சுருள் நீளம் குறைந்ததுபோல் ஆகி வேகமாக அடிக்கும். வாட்சை திசைகாட்டியின் அருகில் கொண்டுபோங்கள், முள் ஆடினால் அதேதான். காந்தம் நீக்கும் கருவியில் சில வினாடி வேலை. இதற்காக ஆயில் சர்வீஸ் செய்யச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். லாக்கரில் வைக்கும்போது குவார்ட்ஸ் என்றால் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள், ஒழுகினால் மிஷினே போகும். அசல் பெட்டியின் நுரைப்பஞ்சு நாளடைவில் பொடிந்து ஒட்டும். வாட்சைப் பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல்லோடு தனியாக வையுங்கள், பெட்டியைத் தனியாக வையுங்கள்.